ஆமைக்கு எதற்குச் சோறு?

படுவான்கரையில் நண்பரொருவரின் முற்றத்தில் நட்சத்திர ஆமையொன்று சோறு தின்றுகொண்டிருந்தது. “பிள்ளை மாதிரி வளர்க்கிறம்” என்றார். அவரது அன்பில் எனக்கு ஐயமில்லை, உணவில்தான் ஐயம்.

உலர்வலயப் பற்றைக்காடுகளில் புல், இலை, பூ, உதிர்ந்த பழம் என மேய்ந்து வாழும் உயிரினம் அது. நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்த உணவே அதற்கு உகந்தது. சோறும் பாணும் அதற்கு ஆகா. சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் குறைந்தால் ஓடு மென்மையாகி உருக்குலையும்.

1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இவ்வாமையைப் பாதுகாக்கிறது. 2019இல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலிலும் இது சேர்க்கப்பட்டது. எனவே, வைத்திருப்போர் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படைப்பதே முறை.

ஆமைக்கு நாம் உணவிட வேண்டியதில்லை, அன்பர்களே. அது மேய்வதற்குக் கொஞ்சம் பற்றைக்காட்டை மிச்சம் வைத்தாலே போதும்.