கிரியேட்டினின் குறைந்தால் மகிழலாமா?



எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டதால் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். சென்ற மாதம் இரத்தப் பரிசோதனைச் சீட்டோடு என்னிடம் வந்தார். "சார், போன வருஷம் கிரியேட்டினின் 10 இருந்தது. இப்போ 6 தான்" என்றார் மகிழ்ச்சியோடு. பேசி முடித்து எழுந்தபோது, நாற்காலியின் கைகளை இரு கைகளாலும் அழுத்தித்தான் அவரால் எழ முடிந்தது. முப்பது ஆண்டுகள் சைக்கிள் மிதித்த கால்கள் அவை! இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அவரிடம் சொல்ல அப்போது எனக்கு மனம் வரவில்லை.

கிரியேட்டினின் எங்கிருந்து வருகிறது? நம் தசைகளில் கிரியேட்டின் என்னும் பொருள் இருக்கிறது. நாள்தோறும் அதில் ஒரு சிறு பகுதி மாற்றமடைந்து கிரியேட்டினின் ஆகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. சிறுநீரகம் பழுதானால் அது இரத்தத்தில் தேங்கும். ஆகவே எண் ஏறினால் கவலைப்படுகிறோம். ஆனால் டயாலிசிஸ் ஒரே அளவில் நடந்து வரும்போது எண் இறங்கினால்? கிரியேட்டினினைத் தரும் தசையே கரைந்துகொண்டிருக்கலாம். குளத்தில் நீர் வடிந்ததா, அல்லது வரத்து வாய்க்காலே வற்றியதா என்று பார்க்க வேண்டாமா?

தசை ஏன் கரைகிறது? முதலில் என் பாடத்துக்கு உரிய காரணத்தைச் சொல்கிறேன். டயாலிசிஸ் என்பது நீங்கள் படித்த விரவுதல்தான். நுண்துளைச் சவ்வின் ஒரு புறம் இரத்தம் ஓடுகிறது. மறு புறம் உப்புக் கரைசல், நிமிடத்துக்குச் சுமார் 500 மில்லிலிட்டர். 4 மணி நேரத்துக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள்: 120 லிட்டர்! இத்தனை கரைசலில் கழிவுகள் விரவிச் செல்கின்றன. ஆனால் சவ்வுக்கு நல்லது கெட்டது தெரியாது. அளவு ஒன்றுதான் தெரியும். யூரியாவின் மூலக்கூறு எடை 60, கிரியேட்டினினுடையது 113. தசைப் புரதத்தின் செங்கற்களில் ஒன்றான அலனின் என்னும் அமினோ அமிலத்தின் எடை 89. கிரியேட்டினினை வெளியே விடும் துளை அலனினை எப்படித் தடுக்கும்? ஒவ்வொரு முறையும் சுமார் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலம் இவ்வாறு போய்விடுகிறது. உடலில் சேரும் அமிலத்தன்மையும் நாள்பட்ட அழற்சியும் தசைப் புரதம் சிதைவதை மேலும் விரைவுபடுத்துகின்றன.

எஞ்சியிருக்கும் தசையும் சோர்ந்து கிடக்கிறது. கடுமையாக உழைக்கும்போது தசைச் செல்லில் உள்ள ஏ.டி.பி. சில வினாடிகளுக்கே காணும். உடனே கை கொடுப்பது பாஸ்போகிரியேட்டின் (நம் கிரியேட்டின்தான், பாஸ்பேட்டைச் சுமந்துகொண்டு). காலியான அந்தச் சேமிப்பை மீண்டும் நிரப்புபவை மைட்டோகாண்ட்ரியா. அவற்றின் உட்சவ்வு சுமார் 5 நானோமீட்டர் தடிமன். அதன் குறுக்கே சுமார் 150 மில்லிவோல்ட். வகுத்துப் பார்த்தால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட். 30 இலட்சத்திலேயே காற்றில் பொறி பறந்துவிடும்!

பாஸ்பரஸ் அணுக்கரு ஒரு சிறு காந்தம். அதைக் கொண்டு, தசையில் ஊசி குத்தாமலே, இந்தச் சேமிப்பு எத்தனை விரைவில் நிரம்புகிறது என்று அளக்கலாம். ஆக்ஸ்போர்டில் ராடா குழுவினர் 1974-இல் எலியின் கால் தசையில் இம்முறையைக் கையாண்டனர். சிறுநீரக நோயாளிகளை இவ்வாறு அளந்தபோது, நிரம்பும் நேரம் நீண்டிருந்தது. டயாலிசிஸ் தொடங்காத நோயாளிகளிடமும் அப்படியே என்று 2020-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆகவே பழியை முழுதும் இயந்திரத்தின் மேல் போட முடியாது.

இனி என் கருத்து. 2016-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தால் மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கும் டயாலிசிஸ் இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய காரியம், ஐயமில்லை. ஆனால் நான் போய்ப் பார்த்த ஒரு மையத்தில் 4 மணி நேரமும் எல்லோரும் அசையாமல் படுத்திருந்தார்கள். தலைமாட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஊசி ஏறியிருப்பது கையில். காலுக்கு என்ன தடை?

ஜெர்மனியில் 21 மையங்களில் 1,211 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. டயாலிசிஸ் நேரத்திலேயே ஒரு பகுதியினருக்கு மிதிப் பயிற்சியும் தசை வலுப் பயிற்சியும் தந்தார்கள். ஒரு நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பதுதான் சோதனை. நம் தோப்புக்கரணத்தின் தூரத்து உறவு! ஓராண்டில் பயிற்சி செய்தவர்கள் 16-லிருந்து 19-க்கு ஏறினார்கள். செய்யாதவர்கள் 16-லிருந்து 15-க்கும் கீழே இறங்கினார்கள். பிரிட்டனில் மிதிப் பயிற்சியை மட்டும் தந்து பார்த்த ஆய்வில் (2021) வாழ்க்கைத் தரம் உயரவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. வெறுமே மிதித்தால் போதாது, எடையும் ரப்பர் பட்டையும் வேண்டும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். டாக்டரின் அனுமதி தேவை. இரத்த அழுத்தம் இறங்கும் முன்பே, முதல் இரண்டு மணி நேரத்துக்குள் செய்வது நலம்.

உணவிலும் ஒரு பழைய பயம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு என்றாலே வீட்டில் முட்டையை நிறுத்திவிடுகிறார்கள். டயாலிசிஸுக்கு முன்பு புரதத்தைக் குறைக்கச் சொல்வது உண்டு. தொடங்கிய பின்போ கணக்கு தலைகீழ். உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நாள்தோறும் வேண்டும். எங்கள் தபால்காரர் இரண்டு ஆண்டுகளாக முட்டையைத் தொடவில்லையாம்.

போன ஞாயிறு அவரை என் வீட்டு நாற்காலியில் உட்காரவைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் 9 முறை எழுந்தார். அந்த எண்ணைச் சீட்டில் கிரியேட்டினினுக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக் கொடுத்திருக்கிறேன், அடுத்த முறை டாக்டரிடம் காட்டச் சொல்லி.