சந்தைக்குப் போகக் கற்றுக்கொண்டு விமானம் ஏறுங்கள்

மாணவர்களே, உங்களில் சிலர் இன்னும் நான்கைந்து ஆண்டுகளில் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குப் போகலாம். பெட்டியில் என்ன கொண்டு போவீர்கள் என்று கேட்டால், பலர் முதலில் சொல்வது உடனடி மீ பாக்கெட்டுகளைத்தான். கையில் பணம் குறைவாக இருக்கும்போது அதுதான் வழி என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது.

என் கருத்து வேறு. அந்த மண்ணில், அந்தப் பருவத்தில் விளைவதைச் சமைக்கத் தெரிந்தவர் மீயை நம்பி இருக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, குறைந்தது 400 கிராம் காய்கனிகள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சில மீ பாக்கெட்டுகளில் அந்த உப்பின் பாதிக்கு மேல் இருக்கிறது, காய்கறியோ பெயருக்குத்தான்.

காய்கறி பறித்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. அது சுவாசிக்கிறது, தன் சர்க்கரையை எரிக்கிறது, நீரை இழக்கிறது. வைட்டமின் சி-யும் நாளுக்கு நாள் குறைகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் சுவாச வேகம் ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்காகிறது. ஆகவே, இலண்டன் கடையில் முருங்கைக்காய் வாங்கினால் அது கடந்து வந்த தொலைவுக்கும் குளிர்பதனத்துக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறீர்கள்.

அதே பணத்துக்குக் குளிர்காலத்தில் கேரட், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, லீக்ஸ், கேல் கீரை எல்லாம் நிறையவே கிடைக்கும். கேரட்டைப் போன்ற வெள்ளைக் கிழங்கான பார்ஸ்னிப்பை ஒரு முறை சுவைத்துப் பாருங்கள். குளிர் கூடும்போது அது தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. சர்க்கரை கரைந்த நீர் 0 பாகைக்கும் கீழேதான் உறையும். செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை நமக்கு இனிப்பாகிறது!

கேல் கீரையைக் கடுகு, வெங்காயம் தாளித்துப் பிரட்டினால் நம் வீட்டுக் கீரைதான். தண்ணீரை மட்டும் குறைவாக விடுங்கள். வைட்டமின் சி நீரில் கரையும். வேகவைத்த நீரைக் கொட்டினால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

லெஸ்டர், பர்மிங்ஹாம் போன்ற நகரங்களின் திறந்தவெளிச் சந்தைகளில் காய்களைக் கிண்ணம் கிண்ணமாகக் குவித்து விற்பார்கள். கடை கட்டும் நேரத்தில் போனால் விலை இறங்கவும் வாய்ப்புண்டு.

ஆனால், உள்ளூர் என்றாலே நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். கடுங்குளிரில் சூடேற்றிய கண்ணாடிக் கூடத்தில் வளர்த்த தக்காளியும் உள்ளூர்தான். அதை வளர்க்க எரிபொருள் நிறையச் செலவாகிறது. இடத்தோடு பருவத்தையும் பார்க்க வேண்டும். பருவம் இல்லாத நாளில் உறைபதனப் பட்டாணியை வாங்குவதில் குறைவு ஒன்றுமில்லை. பறித்த சில மணி நேரத்திலேயே அதை வெந்நீரில் முக்கி, நொதிகளின் வேலையை நிறுத்தி, உறைய வைத்துவிடுகிறார்கள். பல நாள் கிடந்து வாடிய ‘புதிய’ பட்டாணியைவிட அதில் சத்து கூடுதலாகவே இருக்கலாம்.

இந்தத் திறன் விமான நிலையத்தில் இறங்கியதும் வந்துவிடாது. இந்த வாரமே அம்மாவுடனோ அப்பாவுடனோ பாசார் தானிக்குப் போங்கள். இது எங்கே விளைந்தது, எப்போது பறித்தது, இப்போது எது மலிவு என்று விற்பவரிடம் கேளுங்கள். வாங்கியதில் ஒன்றை நீங்களே சமையுங்கள்.

பிறகு, பெட்டி கட்டும் நாளில் மீ பாக்கெட்டுகளுக்கு ஒதுக்கிய இடத்தில் கடுகு, சீரகம், மஞ்சள்தூள் மூன்றையும் சிறு டப்பாக்களில் வைத்துக்கொள்ளுங்கள். காய்கறியைப் போகிற ஊர் தரும்.