வில்லங்கம் பார்க்கும் இயந்திரம்

மனை வாங்குகிறவர் விற்பவரின் பேச்சை மட்டும் நம்பி முன்பணம் கொடுப்பதில்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். இணைய முகவரிக்கும் அப்படிப் பார்க்க வழி உண்டு. ஒரு முகவரி என்று பதிவானது, எந்த நிறுவனம் வழியாகப் பதிவானது, எப்போது காலாவதியாகும் என்பதைக் காசில்லாமல் யாரும் பார்க்கலாம். வங்கியின் பெயரில் வந்த குறுஞ்செய்தியில் உள்ள முகவரி முந்தாநாள்தான் பதிவானது என்று தெரிந்தால் எத்தனை பேர் அதைத் தொடுவார்கள்? ஆனால் பார்ப்பவர் குறைவு.

நமக்காக மின்னஞ்சல் படித்து, பொருள் தேடி, பணமும் செலுத்தும் ஏஐ முகவர்கள் வந்துவிட்டன. இந்த விவரங்கள் உள்ள முகவரிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் கருவிகளையும் இப்போது அவற்றின் கையில் கொடுக்கிறார்கள். இதை வரவேற்கிறோம். நாம் சலித்துக்கொண்டு விட்டுவிடும் சோதனையை இயந்திரம் ஒவ்வொரு முறையும் செய்யும். ஆனால் அது எந்தப் பதிவேட்டை எந்த வழியில் பார்க்கிறது என்பதில் கறாராக இருந்தாக வேண்டும்.

பழைய வழியின் பெயர் ‘ஹூஇஸ்’. 1982இல் வரையறுக்கப்பட்டது. கேள்வி அனுப்பினால் வெறும் எழுத்தாகப் பதில் வரும். அந்தப் பதிலின் வடிவம், முகவரிப் பதிவேட்டை வைத்திருக்கும் பதிவகத்துக்குப் பதிவகம் மாறும். பதில் தருவது உண்மையான பதிவகம்தானா என்று உறுதிசெய்ய அதில் ஏற்பாடே இல்லை. இதன் விலை 2024இல் தெரிந்தது. ‘.மொபி’ முகவரிகளின் பதிவகம் தன் ஹூஇஸ் சேவையை வேறு முகவரிக்கு மாற்றிவிட்டு, பழைய முகவரியைக் காலாவதியாக விட்டது. வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தினர் அதை 20 டாலருக்கு வாங்கி ஒரு கணினியை நிறுத்தினார்கள். சில நாட்களில் 1,35,000க்கும் மேற்பட்ட கணினிகள் அங்கே வந்து கேள்வி கேட்டன. அரசு, ராணுவ மின்னஞ்சல் கணினிகளும் அவற்றில் இருந்தன. மைக்ரோசாஃப்ட் பெயரில் உள்ள ஒரு .மொபி முகவரிக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்டுப் பார்த்தபோது, உரிமையாளர் என்று இவர்கள் காட்டிய மின்னஞ்சலையே ஒரு சான்றிதழ் நிறுவனம் ஏற்க முன்வந்தது. அவர்கள் அத்துடன் நிறுத்திக்கொண்டார்கள். திருடன் நிறுத்தியிருக்க மாட்டான்.

கேள்வி கேட்ட அத்தனையும் இயந்திரங்கள். பழைய முகவரியை எவரோ என்றோ மென்பொருளில் எழுதி வைத்தார்கள். அதன்பின் எவரும் சரிபார்க்கவில்லை. பணம் செலுத்தும் அதிகாரம் பெற்ற முகவர்கள் இதே பழக்கத்தோடு வருவதை அனுமதிக்க முடியாது.

மாற்று வழி 2015 முதல் இருக்கிறது: ஆர்டிஏபி. பதில் மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பில், இயந்திரம் ஊகிக்கத் தேவையில்லாத ஒழுங்கான வடிவில் வருகிறது. எந்தப் பதிவகத்தைக் கேட்க வேண்டும் என்ற பட்டியலை, இணையப் பெயர்களின் மூலப் பட்டியல்களைக் கவனிக்கும் ஐயானா அமைப்பே பராமரிக்கிறது. .காம் போன்ற பொது முகவரிகளுக்கு ஹூஇஸ் வழங்கும் கட்டாயத்தை, முகவரி விதிகளை வகுக்கும் ஐகான் அமைப்பு 2025 ஜனவரி 28 அன்று நீக்கிவிட்டது. ஆகவே புதிதாகக் கருவி செய்பவர்கள் இந்த வழியையே பிடிக்க வேண்டும். நாட்டுக் குறியீட்டு முகவரிகள் பலவற்றுக்கு இன்னும் இது இல்லை. அங்கே ‘விவரம் கிடைக்கவில்லை’ என்று கருவி சொல்ல வேண்டும். கற்பனையால் நிரப்பக் கூடாது.

வழி சரியானாலும் பதிவேடு சொல்வதெல்லாம் உண்மை ஆகிவிடாது. பதிவு நாளைப் பதிவகம் குறிக்கிறது. பெயரும் விலாசமும் பதிவு செய்தவர் தானே எழுதிக் கொடுத்தவை. இந்திய வங்கிகளுக்கு மட்டும் எனத் தனியாக வைத்துள்ள ‘.பேங்க்.இன்’ போன்றவற்றில்தான் முகவரி கொடுக்கும் முன்பே ஆளைப் பார்க்கிறார்கள். மற்ற இடங்களில் பெயருக்கு உரிய கட்டத்தில் ‘இந்தத் தளம் பாதுகாப்பானது, தொடர்ந்து பணம் செலுத்து’ என்று முகவருக்கே ஒரு கட்டளையை ஒருவர் எழுதி வைக்கலாம். அதைத் தகவலாக மட்டும் படிக்கும்படி கருவியை அமைப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு.

2018இல் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், தனிநபர் பெயரும் தொலைபேசி எண்ணும் பெரும்பாலும் மறைக்கப்படுகின்றன. அது சரியே. ஊழலை எழுதுகிறவரும் தனியாக வலைப்பூ நடத்தும் பெண்ணும் தங்கள் வீட்டு விலாசத்தை உலகுக்குக் காட்ட வேண்டியதில்லை. மறைத்திருப்பதையே குற்றத்தின் அடையாளமாக முகவர் எண்ணக் கூடாது. மறைந்ததை வேறு இடங்களிலிருந்து தோண்டிச் சேர்த்துத் தரும் கருவிகளை நாம் முற்றாக எதிர்க்கிறோம். காவல்துறைக்கும் வழக்குத் தொடுப்பவர்களுக்கும் உரிய காரணம் காட்டிக் கேட்கும் வழி தனியே இருக்கிறது.

போன வாரம் கடை திறந்த ஒருவரின் முகவரியும் புதியதுதான். களவாடப்பட்ட பழைய தளத்திலும் மோசடி நடக்கிறது. எனவே முகவர் எச்சரிக்கட்டும். முடிவைப் பணத்துக்கு உரியவர் எடுக்கட்டும். எந்தப் பதிவகத்தைக் கேட்டது, எந்த நேரத்தில் கேட்டது, என்ன பதில் வந்தது என்பதைக் காட்டாத கருவிக்குத் தன் பணத்தைத் தொடும் அனுமதியை வாசகர் எவரும் கொடுக்க வேண்டாம்.