பந்தயம் பறந்தது, ஊர் நின்றது!

கழுகுமலையில் பங்குனி உத்திரம் என்றால் தேரோட்டம்தான். கழுகாசலமூர்த்தி கோவில் தேர் வீதியில் அசைந்து வரும் நாளில், சுற்றுப்பட்ட கரிசல் கிராமங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து குவிவார்கள். வளையல் கடை, பொம்மைக் கடை, காராச்சேவுக் கடை, கடலை மிட்டாய்க் கடை என்று தெருவெல்லாம் கடைகள் முளைக்கும். மானாவாரி வெள்ளாமையையும் தீப்பெட்டி ஆபீஸ் கூலியையும் நம்பி வாழும் சீமையில், திருவிழா என்பது பக்தி மட்டும் அல்ல. பல குடும்பங்களுக்கு அது வருஷத்தில் கை நிறையக் காசு பார்க்கும் நாள்.

2020-ம் ஆண்டில் பங்குனி உத்திரம் ஏப்ரல் 6-ந் தேதி வந்தது. அப்போது நாடெங்கும் ஊரடங்கு. கோவில்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. கூட்டம் கூடி வடம் பிடிக்க வழி இல்லை. "இங்கே நோய் பரவுகிறது, தேரை வேறு ஊருக்குக் கொண்டு போய் இழுத்துக் கொள்ளலாம்" என்று யாராவது சொன்னார்களா? சொல்ல மாட்டார்கள். தேர் அந்த வீதிக்கு உரியது.

ஆனால் கிரிக்கெட் பந்தயம் அப்படி அல்ல. அதற்கு இறக்கை உண்டு. கொரோனா காலத்தில் அது இரண்டு வருஷம் கடல் தாண்டிப் பறந்தது. பறந்தது சரியா, தவறா? பறந்தபோது யாரை விட்டுவிட்டுப் போனது? இந்தக் கேள்விகளுக்கு இன்றைக்கும் வேலை இருக்கிறது. கொள்ளை நோய் இனி வராது என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஊர் மாறிய உலகக் கோப்பை

முதலில் நடந்ததைப் பார்ப்போம்.

ஐ.பி.எல். கிரிக்கெட் 2020 மார்ச்சில் தொடங்க வேண்டியது. நோய் காரணமாக நின்றது. பிறகு அது ஐக்கிய அரபு எமிரேட்டுக்குப் போயிற்று. செப்டம்பர் 19 முதல் நவம்பர் 10 வரை துபாய், அபுதாபி, ஷார்ஜா ஆகிய 3 நகரங்களில் 60 ஆட்டங்கள் நடந்தன. மைதானத்தில் ரசிகர் இல்லை. கைதட்டல் ஓசையைக் கூட ஒலிபெருக்கியில் போட்டார்கள்!

ஐ.பி.எல். வெளிநாடு போவது அதுதான் முதல் தடவையா என்றால், இல்லை. பொதுத் தேர்தலுக்காக 2009-ல் முழுப் போட்டியும் தென் ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. 2014-ல் முதல் 20 ஆட்டங்கள் அரபு நாட்டில் நடந்தன. ஆகவே வழி ஏற்கனவே தெரிந்த வழிதான்.

அடுத்து வந்தது பெரிய விஷயம். 2021-ம் ஆண்டின் 20 ஓவர் உலகக் கோப்பையை நடத்தும் பொறுப்பு இந்தியாவுக்கு இருந்தது. ஆட்டம் நடத்தக் குறித்திருந்த நகரங்களில் சென்னையும் ஒன்று. ஆனால் நோயின் இரண்டாவது அலை எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. போட்டி இந்தியாவில் நடக்காது என்று 2021 ஜூன் இறுதியில் முடிவாயிற்று. அக்டோபர் 17-ந் தேதி முதல் நவம்பர் 14-ந் தேதி வரை எமிரேட்டிலும், ஓமன் நாட்டின் மஸ்கட்டிலும் அது நடந்தது. போட்டியை நடத்தியவர் என்ற பெயர் மட்டும் இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்கே இருந்தது. கல்யாணம் பக்கத்து ஊரில். பத்திரிகையில் பெயர் நம்முடையது!

மாற்றியது தவறா?

தவறு அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

2021-ம் ஆண்டு ஐ.பி.எல். ஏப்ரல் 9-ந் தேதி சென்னை சேப்பாக்கத்தில் தொடங்கியது. நோய் ஏறிக் கொண்டிருந்த சமயம். ஏப்ரல் இறுதியில் ஒரே நாளில் 4 லட்சம் பேருக்கு நோய் என்று கணக்கு வந்தது. டில்லி ஆஸ்பத்திரிகளில் பிராணவாயு இல்லாமல் நோயாளிகள் தவித்தார்கள். அதே டில்லியில், அதே வாரத்தில், விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் நடந்தது.

தமிழ்நாட்டு வீரர் ரவிச்சந்திரன் அசுவின், தம் குடும்பத்தார் நோயோடு போராடுகிறார்கள் என்று சொல்லிப் போட்டியிலிருந்து பாதியில் விலகினார். எத்தனை பாதுகாப்பு வளையம் போட்டும் நோய் உள்ளே நுழைந்தது. வீரர்களுக்கே தொற்று ஏற்பட்டது. 29 ஆட்டங்கள் முடிந்த நிலையில் மே 4-ந் தேதி போட்டியை நிறுத்தினார்கள். மிச்சமிருந்த ஆட்டங்களும் அரபு நாட்டுக்கே போயின.

அந்த நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் என்ன நடந்தது? 2018-ல் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலியான பிறகு மூடப்பட்ட ஸ்டெர்லைட் ஆலையில், பிராணவாயு தயாரிக்க மட்டும் அனுமதி கொடுத்தது சுப்ரீம் கோர்ட்டு. மூடிய ஆலையைத் திறந்து மூச்சுக்கு வழி தேட வேண்டிய காலம் அது! அந்தக் காலத்தில் ஆம்புலன்சும், டாக்டரும், பரிசோதனைச் சாலையும் பந்தயத்துக்காக ஒதுக்கப்படுவது எப்படி நியாயமாகும்? ஆகவே உலகக் கோப்பையை வெளியே அனுப்பியது சரியான முடிவு. 2021 ஏப்ரலில் ஐ.பி.எல்.லை இங்கே தொடங்கியதுதான் தவறான முடிவு.

இடம் மாற்றினால் மட்டும் புண்ணியம் வந்துவிடாது என்பதற்கும் அதே வருஷத்தில் ஓர் உதாரணம் உண்டு. தென் அமெரிக்காவின் கோபா அமெரிக்கா கால்பந்துப் போட்டியைக் கொலம்பியாவும் அர்ஜென்டினாவும் நடத்த வேண்டியிருந்தது. கொலம்பியாவில் கலவரம், அர்ஜென்டினாவில் நோய். உடனே போட்டியைப் பிரேசிலுக்கு மாற்றினார்கள். பிரேசிலிலோ நோய் அதைவிட மோசம்! போட்டி நடந்து கொண்டிருந்தபோதே, ஜூன் மாதத்தில், அந்நாட்டில் இறந்தவர் தொகை 5 லட்சத்தைத் தாண்டியது. நூறு வருஷத்துக்கு முன்பு அதே பிரேசில் அதிகப் புத்தியோடு நடந்து கொண்டது. 1918-ல் விஷ ஜுரம் பரவியபோது, ரியோ நகரில் நடக்கவிருந்த தென் அமெரிக்கக் கால்பந்துப் போட்டியை 1919-க்குத் தள்ளி வைத்தார்கள்.

ஒலிம்பிக் பந்தயமும் அப்படித்தான். டோக்கியோவை விட்டு நகரவில்லை. ஒரு வருஷம் காத்திருந்து 2021 ஜூலையில் நடந்தது.

பறந்தவரும் நின்றவரும்

இதுவரை சரி. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

பெரிய பந்தயத்துக்கு விமானம் கிடைத்தது. சின்னப் பந்தயத்துக்கு என்ன கிடைத்தது? பூட்டு!

ரஞ்சிக் கோப்பையை எடுத்துக் கொள்ளுங்கள். 1934-ல் தொடங்கியது. இரண்டாம் உலக யுத்தம் நடந்தபோது கூட நிற்கவில்லை. 87 ஆண்டுகளில் முதல் தடவையாக 2020-21-ம் ஆண்டுப் போட்டி ரத்தாயிற்று. சையது முஷ்டாக் அலி போட்டி போன்ற குறுகிய ஆட்டங்களைச் சில நகரங்களில் வளையம் போட்டு நடத்தினார்கள் என்பது உண்மை. அதில் கோப்பையை வென்றது தமிழ்நாடு. ஆனால் ஐ.பி.எல். ஒப்பந்தம் இல்லாத வீரனுக்கு நான்கு நாள் ரஞ்சி ஆட்டம்தான் சம்பளம். அதுதான் முன்னேறும் படி. அந்தப் படியை எடுத்துவிட்டார்கள். போட்டி ரத்து என்று 2021 ஜனவரி இறுதியில் சொன்னார்கள். நஷ்ட ஈடாகப் பாதிச் சம்பளம் என்ற அறிவிப்பு செப்டம்பரில்தான் வந்தது. இடையே ஏறக்குறைய எட்டு மாதம்!

தெற்குச் சீமைக்கு இன்னும் நெருக்கமான உதாரணம், தமிழ்நாடு பிரீமியர் லீக். கழுகுமலைப் பக்கத்து இளைஞர்கள் நேரில் போய்ப் பார்க்கக் கூடிய பெரிய கிரிக்கெட் என்றால், தாழையூத்து சங்கர் நகர் மைதானத்தில் நடக்கும் அந்த ஆட்டங்கள்தான். 2020-ல் போட்டியே இல்லை. 2021-ல் எல்லா ஆட்டங்களும் சேப்பாக்கத்தோடு முடிந்தன. சின்ன ஊரிலிருந்து பெரிய ஊருக்குப் பந்தயம் போயிற்று. நெல்லைக்கு அது திரும்பியது 2022 ஜூனில்.

கோவில்பட்டியின் கதை வேறு. அந்த ஊருக்கு உயிர் ஹாக்கி. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு வட நாட்டுக் கோஷ்டிகள் கூடக் கோடைக் காலத்தில் கரிசல் வெயிலைத் தேடி வரும். 2020 மே மாதம் ஊரடங்கு. 2021 மே மாதமும் ஊரடங்கு. மட்டைகள் வீட்டு மூலையில் சாய்ந்து நின்றன. இந்தப் போட்டியைத் துபாய்க்குத் தூக்கிக் கொண்டு போக யார் இருக்கிறார்கள்?

அந்தப் பையன்களின் ஆட்டம் சாமானியமானதா? கோவில்பட்டி மாரீஸ்வரனும், அங்கே அரசு ஹாக்கி விடுதியில் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தியும் 2022-ல் ஜகார்த்தா நகரில் இந்தியாவுக்காக ஆசியக் கோப்பையில் ஆடினார்கள். வெண்கலப் பதக்கம் கிடைத்தது. இருவர் தப்பி மேலே வந்தார்கள். அந்த இரண்டு வருஷ இடைவெளியில் வயசு கடந்து போய், மட்டையை வைத்துவிட்டு வேலைக்குப் போன பையன்கள் எத்தனை பேர் என்று யார் கணக்கு எடுத்தார்கள்?

இன்னொரு காட்சியும் மறக்கத் தக்கது அல்ல. 2020 மே 7-ந் தேதி முதல், வளைகுடா நாடுகளில் வேலை இழந்தவர்களும் நோய்க்கு அஞ்சியவர்களும் விசேஷ விமானங்களில் இந்தியாவுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். இடத்துக்காக வாரக் கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் பலர். ஆகஸ்டில், அதே பாதையில் எதிர்த் திசையில், கிரிக்கெட் கோஷ்டிகள் தனி விமானத்தில் போய் இறங்கின. இது வீரர்களின் குற்றம் அல்ல. பணம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம் கதவு சுலபமாகத் திறக்கிறது என்பதற்கு இது சாட்சி.

பணம் இல்லாமலா?

ஆட்டம் நடந்ததால் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த ஜனங்களுக்கு ஆறுதல் கிடைத்ததே என்று சிலர் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. வேலை இல்லாமல், வருமானம் இல்லாமல் உட்கார்ந்திருந்த வீடுகளில், 2020-ம் ஆண்டின் அந்த மாலை நேரங்கள் கொஞ்சம் சிரிப்பைக் கொடுத்தன. அதை யாரும் மறுக்க வேண்டாம்.

ஆனால் அந்தச் சிரிப்புக்கு விலை போட்டு விற்றவர்கள் இருக்கிறார்கள். 2018 முதல் 2022 வரை ஐந்து வருஷ ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை ரூ.16,347 கோடிக்குப் போயிற்று. 2020-ல் போட்டியின் பெயருக்கு முன்னால் தன் பெயரைப் போட்டுக் கொள்ள ஒரு கம்பெனி கொடுத்த தொகை மட்டும் ரூ.222 கோடி. ஆள் இல்லாத மைதானத்தில் ஆடினாலும், டெலிவிஷனில் படம் வந்தால் போதும், பணம் வரும். ஆகவேதான் பந்தயம் பறந்தது. பங்குனித் தேருக்கு ஜனங்கள் வேண்டும். ஐ.பி.எல்.லுக்குக் காமிரா போதும்!

பணம் வந்ததில் குற்றம் இல்லை. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி. 2022-ல் ஐ.பி.எல். லீக் ஆட்டங்கள் மும்பையிலும் புனேயிலும் மட்டுமே நடந்தன. போட்டி முடிந்ததும், ஆட்டம் நடந்த 6 மைதானங்களின் ஊழியர்களுக்கு ரூ.1¼ கோடி பரிசு என்று வாரியம் அறிவித்தது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் ஆட்டம் நடந்த மைதானத்துக்குப் பரிசு. ஆட்டம் பறிபோன மைதானத்துக்கு? சேப்பாக்கம் அந்தப் பட்டியலில் இல்லை. சென்னைக் கோஷ்டியின் ஆட்டத்தை அந்த மைதானம் மறுபடி பார்த்ததே 2023 ஏப்ரலில்தான். அதுவரை வாசலில் கொடியும் தொப்பியும் விற்றவன், சுண்டல் கட்டியவன், வண்டி நிறுத்தச் சீட்டுக் கிழித்தவன் எல்லாரும் என்ன செய்தார்கள்?

என்ன செய்ய வேண்டும்?

அடுத்த தடவை இப்படி ஓர் ஆபத்து வந்தால், மூன்று காரியங்கள் அவசியம்.

முதலாவது, முடிவை ஆஸ்பத்திரி நிலைமையைப் பார்த்து எடுக்க வேண்டும். விளம்பர ஒப்பந்தத்தைப் பார்த்து அல்ல. படுக்கை இல்லாத ஊரில் பந்தயம் கூடாது. போகும் ஊரும் நோயில் தவித்தால், அங்கேயும் கூடாது. தள்ளி வைப்பதே முறை.

இரண்டாவது, பந்தயம் ஊர் மாறினால், வருமானத்தில் ஒரு பங்கு ஊரிலேயே நிற்க வேண்டும். ஆட்டம் இழந்த மைதானத்தின் அன்றாடக் கூலிக்கும், ரத்தான சிறு போட்டிகளின் வீரர்களுக்கும் அந்தப் பங்கு போக வேண்டும். எட்டு மாதம் கழித்து அல்ல. ரத்து என்று அறிவிக்கும் அதே தினத்தில். வேறு விளையாட்டுக்குக் கிரிக்கெட் பணம் எதற்கு என்று கேட்பார்கள். கோவில்பட்டிப் பையனின் ஹாக்கியும், வீதியோரத்துக் கபடியும் இருந்தால்தான் நாட்டில் விளையாட்டு என்ற பழக்கமே இருக்கும். அந்தப் பழக்கத்தை விற்றுத்தான் கோடிகள் வருகின்றன. கிரிக்கெட் வாரியம் மனம் வைக்காவிட்டால், அரசாங்கம் சட்டம் வைக்கலாம்.

மூன்றாவது, இழந்த ஊருக்கு முறை திரும்ப வேண்டும். 2020-ல் உலகக் கோப்பையை இழந்த ஆஸ்திரேலியாவுக்கு 2022-ல் அது கிடைத்தது. தேசத்துக்குத் தேசம் இந்த நியாயம் உண்டு என்றால், ஊருக்கு ஊர் ஏன் கூடாது? 2022 மே மாதத்தில் தேசிய ஜூனியர் ஹாக்கிப் போட்டி கோவில்பட்டியில் நடந்ததே, அது நல்ல வழி. நோய் தணிந்ததும் முதல் பந்தயங்கள் இப்படிப்பட்ட ஊர்களுக்கே வரவேண்டும்.

கொரோனா காலத்தில் பந்தயத்தைக் காப்பாற்றினார்கள். ஆடியவர்களையும் காப்பாற்றினார்கள். இனிமேல், மூட்டை கட்டி விமானம் ஏறும் முன், நகர முடியாமல் நிற்கிற ஊருக்கு ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு ஏறட்டும். செய்வார்களா?