கணினிப் பொறியாளரும் தொண்டு நிறுவன வேலையும்

பெங்களூர், புனா, ஹைதராபாத் ஆகிய நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இப்போது ஒரு புதிய பேச்சு எழுந்திருக்கிறது. கம்பெனியில் இணையதளங்கள் தயாரிக்கும் வேலையில் பல வருஷம் பழகிய மகனோ மகளோ, அதை விட்டுவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் தொழில்நுட்ப நிர்வாகியாகச் சேரப் போவதாகச் சொல்கிறார்கள். சம்பளம் குறையும் என்பது தெரிந்ததே. வீட்டுக் கடனுக்கு என்ன வழி என்று பெற்றோர் கேட்பதும் நியாயமே.

இதை வாலிப வயதின் விபரீத ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மேல்நிலைப் பதவிகளில் இருப்பவர்களையே அது பாதிக்கும் என்றும் தெரிவிக்கப்பட்டது. சாதாரண இணையப் பக்கங்களுக்கு வேண்டிய நிரல்களைச் செயற்கை நுண்ணறிவு நிமிஷங்களில் எழுதித் தருகிறது. ஆகவே, கம்பெனி வேலை நிரந்தரம், தர்ம ஸ்தாபன வேலை நிச்சயமற்றது என்ற பழைய கணக்கை இன்று அப்படியே ஏற்பதற்கில்லை.

வேலையின் தன்மை

இந்த மாறுதலை ஆபீஸ் பாஷையில் சொன்னால் எளிதில் விளங்கும். நிரல் எழுதுகிறவர், கொடுத்த பைலை முடித்துத் தரும் குமாஸ்தாவைப் போன்றவர். தொழில்நுட்ப நிர்வாகியோ தலைமைக் குமாஸ்தாவைப் போன்றவர். எந்தப் பதிவேடு வேண்டும், எது வேண்டாம், யார் எதைப் பார்க்கலாம், எந்தக் கணக்கு எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

கிராமத்துச் சுகாதார ஊழியர் ஒருவர் நோட்டில் ஒருமுறை, கைபேசியில் ஒருமுறை, நன்கொடையாளர் கேட்ட படிவத்தில் ஒருமுறை என்று ஒரே விவரத்தை மூன்று தடவை எழுதினால், நோயாளியைக் கவனிக்க வேண்டிய நேரம் எழுத்து வேலையில் போய்விடும். மூன்றை ஒன்றாக்குவதே நிர்வாகியின் சாமர்த்தியம். பல சமயங்களில் புதிய மென்பொருள் எதுவும் வேண்டாம் என்று சொல்லும் துணிவே அவரிடம் எதிர்பார்க்கப்படுகிறது.

முன்னோடிகள்

இந்தப் பாதையில் முன்பே நடந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் பொறியாளராக இருந்து திரும்பிய ஸ்ரீகாந்த் நாதமுனி, நந்தன் நீலகேணியுடன் சேர்ந்து 2003ல் பெங்களூரில் இ-கவர்ன்மெண்ட்ஸ் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். லாப நோக்கமில்லாத அந்த அமைப்பு, நகராட்சிகளின் வரி வசூல், புகார்ப் பதிவு போன்ற பணிகளுக்கு மென்பொருள் உருவாக்கியது. சென்னை மாநகராட்சியும் அதைப் பயன்படுத்தியது. நாதமுனி பின்னர் ஆதார் ஆணையத்தின் தொழில்நுட்பத் தலைவரானார்.

யாஹூவின் ஆரம்ப காலப் பொறியாளர்களில் ஒருவரான டொனால்ட் லோபோ, தொண்டு நிறுவனங்கள் தங்கள் நன்கொடையாளர், உறுப்பினர் விவரங்களை வைத்துக்கொள்வதற்கான சிவிசிஆர்எம் என்ற இலவச மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர். இந்தியத் தொண்டு நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பத் துணை செய்யும் பிராஜக்ட் டெக் ஃபார் டெவ் என்ற முயற்சியும் அவருடையதே.

ஆனால் இத்தகையோரின் நிலைமை வேறு. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்தின் நிலைமை வேறு. அந்த வேறுபாட்டை மறந்துவிட்டு முடிவு செய்வது சரியாகாது.

20 சதவீதக் கட்டு

தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் வரும் வழிகள் பல. அவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, 2013ம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135வது பிரிவு. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று அது விதிக்கிறது. இந்தப் பணம் பெரும்பாலும் குறிப்பிட்ட திட்டத்திற்கென்றே வருகிறது. திட்டம் முடிந்தால் அதை நம்பிய வேலையும் முடியலாம்.

மற்றொன்று வெளிநாட்டு நன்கொடை. 2020ல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், இந்த நன்கொடையில் நிர்வாகத்திற்குச் செலவழிக்கக்கூடிய உச்ச வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை மற்றொரு நிறுவனத்திற்கு மாற்றித் தரவும் தடை விதித்தது.

வருஷத்திற்கு 1 கோடி ரூபாய் இப்படிப் பெறும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நிர்வாகச் செலவுக்கு மிஞ்சினால் 20 லட்சம். ஆபீஸ் வாடகை, மின்சாரக் கட்டணம், கணக்கரின் சம்பளம், தணிக்கைக் கட்டணம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். 12 லட்சம் சம்பளத்தில் ஒரு தொழில்நுட்ப நிர்வாகியை வைத்து, அவர் சம்பளமும் நிர்வாகச் செலவாகக் கணக்கிடப்பட்டால், மற்றவற்றுக்கெல்லாம் மீதி 8 லட்சம்தான். தர்மப் பணம் ஆடம்பரத்தில் கரையக் கூடாது என்ற நோக்கம் நல்லதே. எனினும், அந்தப் பணத்திற்கு ஒழுங்காகக் கணக்கு வைக்கும் ஆளையே அந்த வரம்பு வெளியில் நிறுத்திவிடக்கூடும்.

பிறர் ரகசியம்

இதில் ஆபத்து நிறுவனத்திற்கு மட்டுமல்ல. தொண்டு நிறுவனத்தின் கணினியில் இருப்பவை ஏழைகளின் விவரங்கள்: காசநோயாளியின் பெயர், அடிபட்டு அடைக்கலம் தேடி வந்த பெண்ணின் முகவரி, அநாதைக் குழந்தையின் புகைப்படம். இவை வெளியே கசிந்தால் அவர்களால் வக்கீல் வைத்து வழக்காட முடியாது.

2023ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு இல்லாமல் விவரங்கள் கசிய விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வகை செய்கிறது. 18 வயதுக்குட்பட்டவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது அதன் பொது விதி. 2025 நவம்பரில் விதிமுறைகளை வெளியிட்ட அரசு, முக்கியக் கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் அளித்தது. ஒரு கையால் செலவைக் கட்டுப்படுத்தும் அரசு மறு கையால் பொறுப்பைக் கூட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் சிக்குகிறவர் இந்த நிர்வாகிதான்.

சேருமுன் கேட்க வேண்டியவை

ஆகவே, சேவை மனப்பான்மை இருக்கிறதா என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டால் மட்டும் போதாது. நியமனம் திட்ட காலத்திற்கு மட்டுமா, நிரந்தரமா? சம்பளம் எந்த நிதியிலிருந்து, எத்தனை வருஷத்திற்கு உறுதி? 20 பேருக்குக் குறைவானவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் பிராவிடண்ட் பண்ட் கட்டாயமில்லை, இங்கே உண்டா? முந்தைய நிர்வாகி ஏன் போனார்? ஒரு மென்பொருள் வேண்டாம் என்று நிர்வாகி சொன்னால் தலைவர் கேட்பாரா? இவற்றுக்கு எழுத்து மூலம் பதில் பெறுவதில் தவறில்லை. ஆறு மாதக் குடும்பச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குவது உத்தமம்.

அரசும் நன்கொடையாளர்களும் செய்ய வேண்டியதும் உண்டு. விவரங்களைப் பாதுகாக்கவும் கணக்கைச் சீராக வைக்கவும் ஆகும் செலவை வாடகையோடும் விருந்துச் செலவோடும் ஒன்றாகச் சேர்ப்பது பொருந்தாது. அதைத் தர்ம காரியத்தின் ஒரு பகுதியாகவே கருதித் தனி வரம்பு வகுக்கலாம். நூறு குழந்தைகளுக்குச் சோறு போடப் பணம் தருகிறவர்கள், அந்த நூறு பெயர்களைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கும் நியாயமான சம்பளம் தர வேண்டும். அப்படித் தராவிட்டால், நல்ல எண்ணத்துடன் வந்த இளைஞர்கள் இரண்டே வருஷத்தில் களைத்துப் போய் மீண்டும் கம்பெனி வாசலில் நிற்பார்கள். நஷ்டம் அவர்களுக்கு மட்டுமல்ல, அவர்களை நம்பிய ஏழைகளுக்கும்தான்.