உடைந்த ஹெட்போனும் ஒரு சிவப்புக் கோடும்



அண்மையில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்குச் செவிமடுத்தல் பயிற்சி ஒன்றை நடத்தினேன். பதிவு செய்யப்பட்ட பத்தியை ஒவ்வொருவரும் ஹெட்போனில் கேட்டு, விடுபட்ட சொற்களை நிரப்ப வேண்டும். ஒரு மாணவி ‘மழை’ வரவேண்டிய இடத்தில் ‘மலை’ என்றும், ‘பள்ளி’ வரவேண்டிய இடத்தில் ‘பல்லி’ என்றும் எழுதியிருந்தாள். சிவப்பு மையால் கோடிட்டேன். “கவனமாகக் கேள்” என்று குறிப்பும் எழுதினேன்.

மறுநாள் கருவிகளை அடுக்கி வைக்கும்போது, அவள் பயன்படுத்திய ஹெட்போனை என் காதில் மாட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் முற்றிலும் ஊமை. மறுபக்கமோ கம்பியை அசைத்தால் மட்டும் கரகரவென்று பேசியது. “ஏன்மா, நேற்றே சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன். “எல்லாருக்கும் அப்படித்தான் கேட்கும்னு நினைச்சேன், டீச்சர்” என்றாள்.

கருவி செய்த பிழைக்குக் குழந்தையைத் திருத்தியிருக்கிறேன். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுத வைக்கிறது.

தமிழ்ப்பள்ளிக்கு நல்ல ஹெட்போன் ஆடம்பரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நான் அவ்வாறு எண்ணவில்லை. கேட்டல், பேச்சு நம் மொழிப்பாடத்தின் முதல் திறன். 2021ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்ட பிறகு, வகுப்பறை மதிப்பீட்டில் ஆசிரியரின் கணிப்பே பெரிதாக நிற்கிறது. குழந்தையின் காதுக்குச் சரியாக எட்டாத ஒன்றை வைத்து அவளைக் கணிப்பது எவ்வாறு நியாயமாகும்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, சபாக் பெர்ணம் என நம் வட சிலாங்கூர்ப் பகுதிகளில் அன்றாடப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. அதில் குற்றம் ஏதுமில்லை. பேச்சு வழக்கு அப்படி. ஆனால், ல, ள, ழ மூன்றும் வெவ்வேறாக ஒலிப்பதைப் பல குழந்தைகள் வகுப்பறையில்தான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். இவ்வேறுபாட்டைக் காட்டும் நுண்ணிய ஒலிக்கூறுகள் எளிதில் அமுங்கிவிடக் கூடியவை. தகரக் கூரையில் மழை கொட்டும்போதும் தலைக்கு மேல் காற்றாடி சுழலும்போதும் எழும் இரைச்சல் அவற்றை விழுங்கிவிடுகிறது.

ஆகவேதான் மூடிய வகை ஹெட்போனை வலியுறுத்துகிறேன். இதில் காதுக் கிண்ணத்தின் பின்புறம் முழுவதும் அடைபட்டிருக்கும். திறந்த வகையில் பின்புறம் சல்லடைபோல் இருப்பதால் வெளி இரைச்சல் உள்ளே வரும். உள்ளிருக்கும் ஒலி பக்கத்து மாணவனுக்கும் கேட்கும். வீட்டில் அமைதியாக இசை கேட்போருக்கு அது இனிமை. இருபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்புக்கு அது பொருந்தாது.

மூடிய வகையால் மற்றொரு நன்மையும் உண்டு. இரைச்சல் குறைந்தால் குழந்தை ஒலியைக் கூட்டாது. உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட தரவிதி, குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்திற்கு 75 டெசிபல் என்பதை எல்லையாகக் கொள்கிறது. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறைகிறது.

அடுத்து, நீடித்த உழைப்பு. எங்கள் பள்ளியில் வீணாகிக் கிடந்தவற்றைப் பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் ஒலிக்கும் பகுதி நன்றாகவே இருந்தது. செருகியின் கழுத்தில் கம்பி அறுந்திருந்தது. அல்லது பிளாஸ்டிக் தலைப்பட்டை முறிந்திருந்தது. அல்லது காது மெத்தையின் மேல்தோல் நம் நாட்டு ஈரப்பதத்தில் செதில் செதிலாக உரிந்திருந்தது. எனவே, வாங்கும்போது இவற்றைப் பார்க்க வேண்டும்:

1. கம்பி கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அதன் முனை எந்தக் கடையிலும் கிடைக்கும் 3.5 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நலம்.

2. தலைப்பட்டைக்குள் உலோகத் தகடு இருக்க வேண்டும். கடையிலேயே மெல்ல விரித்துப் பாருங்கள். மடங்கும் மூட்டுகள் குறைவாக இருப்பது நல்லது.

3. காது மெத்தை தனியாக விலைக்குக் கிடைக்க வேண்டும். துணி உறை போட்டால் துவைத்துப் பயன்படுத்தலாம். பலர் மாற்றி மாற்றி அணிவதால் தூய்மைக்கும் ஏற்றது.

4. மின்தடை 32 ஓம் அளவில் இருக்கட்டும். 250 ஓம் கொண்டவை ஒலிப்பதிவுக் கூடங்களுக்கானவை. மடிக்கணினியில் செருகினால் ஒலி மெலிந்துவிடும்.

5. சிறுவர் தலைக்கு ஏற்பச் சுருக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

கம்பியில்லா வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாடவேளை முப்பது நிமிடம்; இருபது கருவிகளுக்கு மின்னேற்றி, ஒவ்வொன்றாக இணைத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

ஒலிப்பதிவுக் கூடங்களைப் பாருங்கள். சோனி எம்.டி.ஆர். 7506 என்னும் மூடிய வகை 1991இல் வெளிவந்தது. பெயர்டைனமிக் டி.டி. 770 அதற்கும் முன்பே, 1980களில் வந்தது. இரண்டும் இன்றும் விற்பனையில் உள்ளன. தேய்ந்த காது மெத்தையை மாற்றிவிட்டு மீண்டும் பயன்படுத்துகிறார்கள். அவ்வளவு விலையுயர்ந்தவற்றை நாம் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உடைந்ததைத் தூக்கி எறியாமல் பழுதுபார்க்கக்கூடிய பொருளைத் தேர்ந்தெடுக்கும் அவர்களின் பழக்கம் நமக்கு வேண்டும்.

“நம்முடையது சிறிய பள்ளி, பணத்திற்கு எங்கே போவது?” என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே தலைக்கணக்கு மானியம் வருகிறது. குடும்பங்கள் தோட்டங்களை விட்டு நகர்களுக்குப் போய்விட்ட பிறகு எண்ணிக்கையும் சுருங்கிவிட்டது. ஆனால், பணம் குறைவு என்பதற்காகவே ஆண்டுதோறும் மலிவான இருபதை வாங்கி, ஆண்டிறுதியில் குப்பையில் போடுவது சிக்கனமா? நல்ல பத்து போதும். வகுப்பை இரு குழுவாகப் பிரிக்கலாம். ஒரு குழு கேட்கும்போது மறு குழு வாசிக்கட்டும்.

பராமரிப்பு நம் பொறுப்பு. கம்பியை ஹெட்போனின் மேல் இறுக்கிச் சுற்றாமல் தளர்வாக வளையமிட்டுத் தொங்கவிட வேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்காமல் செருகியைப் பிடித்துக் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றிலும் எண் ஒட்டி, மாதம் ஒருமுறை ஆறாம் ஆண்டு மாணவர் இருவரைக் கொண்டு இரு காதையும் சோதிக்கலாம். பெற்றோர்களே, நீங்களும் வீட்டில் பிள்ளையின் ஹெட்போனை ஒருமுறை உங்கள் காதில் மாட்டிப் பாருங்கள். தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பது குழந்தைக்கே தெரியாமல் இருக்கலாம்.

அந்த மாணவிக்கு வேறொரு ஹெட்போன் கொடுத்து, அதே பத்தியை மீண்டும் கேட்க வைத்தேன். ‘மழை’ என்று எழுதினாள். ‘பள்ளி’ என்றும் எழுதினாள். பழைய தாளில் நான் எழுதிய குறிப்பை அவள் முன்னிலையிலேயே அடித்துவிட்டேன். கவனமாகக் கேட்க வேண்டியவள் நான்தான்.