காரணம் கூறாத மறுப்பு

ஸ்தல ஸ்தாபனங்களின் அதிகாரம் ஜனங்கள் அளித்த அதிகாரம். அதைக் கொண்டு ஒரு பிரஜையின் கோரிக்கையை நிராகரிக்கும்போது, அதற்குரிய காரணத்தையாவது அவனுக்குச் சொல்வது கடமையாகும். வீடோ கடையோ கட்ட மனுச் செய்தவனுக்கு, "அனுமதி மறுக்கப்படுகிறது" என்று ஒற்றை வரியில் உத்தரவு அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும் வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பட்டணத்துத் தனவந்தருக்கு இதனால் பெருநஷ்டமில்லை. அவர் வக்கீலை அமர்த்துவார். ஹைக்கோர்ட்டில் ரிட் மனுத் தாக்கல் செய்வார். ஜவ்வாது மலையடிவாரத்தில் சந்தவாசலைப் போன்ற ஓர் ஊரில் கடன் வாங்கிச் செங்கல் இறக்கியவனின் கதி என்ன? கட்டடம் எழும்பாவிட்டாலும் வட்டி எழும்பிக்கொண்டே இருக்கும். காரணம் தெரிந்தால் பிளானைத் திருத்தலாம். வேறு மனையைத் தேடலாம். தெரியாதபோது அவன் செய்யக்கூடியது ஒன்றுதான்: யாரையாவது 'பார்க்க'ப் புறப்படுவது. லஞ்சத்துக்கும் சிபார்சுக்கும் வாசல் அங்கேதான் திறக்கிறது.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. 1971-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நகர, ஊரமைப்புச் சட்டத்தின் 49-வது பிரிவு, கட்டடத்தின் உபயோகம், இடத்தின் தகுதி, பிரதேசத்தின் வருங்கால அபிவிருத்தி ஆகியவற்றைக் கவனித்து முடிவு செய்யச் சொல்கிறது. மனுதாரன் எந்தக் கட்சி, எந்தத் தெரு என்பது அந்த ஜாபிதாவில் இல்லை. 79-வது பிரிவு, இரண்டு மாதத்துக்குள் அப்பீல் செய்யும் உரிமையை வழங்குகிறது. காரணமே இல்லாத உத்தரவின்மீது அப்பீலில் எதை மறுத்து வாதிப்பது? கிராமங்களில் பஞ்சாயத்துக் கட்டட விதிகள் வேறாயிருக்கலாம், நியாயம் ஒன்றேதான்.

பம்பாயை அடுத்த அந்தேரியில் சினிமாக் கொட்டகை கட்ட 1947-இல் போலீஸ் கமிஷனர் கொடுத்த அனுமதி, சில மாதங்களிலேயே சர்க்கார் உத்தரவின் பேரில் ரத்தாயிற்று. கோர்தன்தாஸ் பான்ஜி வழக்கு என்று பெயர் பெற்ற அவ்விவகாரத்தில் 1951-இல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பை ஒவ்வொரு கவுன்சிலரும் அறிந்திருக்கவேண்டும். சட்டம் எவரிடம் அதிகாரத்தை ஒப்படைத்ததோ, அவரே யோசித்து முடிவு செய்யவேண்டும். பிறர் சொற்படி கையெழுத்திடுவது முடிவாகாது. உத்தரவில் எழுதியதே உத்தரவு; பின்னால் கூறும் வியாக்கியானம் அதற்குப் புதுப்பொருள் தராது.

ஸ்தாபனங்களுக்கு மறுக்கும் உரிமையே கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஏரியையும் ஓடையையும் மலைச்சரிவையும் பொதுப் பாதையையும் காப்பது அவற்றின் தர்மம். மனுப் போட்டதாலேயே ஒருவருக்கு நிலைத்த உரிமை பிறந்துவிடாதென்று 2003-இல் ஹௌரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியதும் சரியே. ஆனால், குடியிருப்புப் பகுதியில் வீடு கட்டுவது மதிப்புள்ள உரிமை, தெளிவான சட்டவிதியின்றி அதைப் பறிக்கலாகாது என்று 2006-இல் பெங்களூர் வழக்கொன்றில் அதே கோர்ட்டுதான் கூறிற்று. ஏரிக்கரை என்பதற்காக மறுத்தால், ஏரிக்கரை என்று எழுதட்டும். எழுதக் கூசும் காரணம், மறுக்கத் தகுந்த காரணமாகாது.

1882-இல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். 1917-இல் ராஜாஜி சேலம் முனிசிபாலிடியிலும், 1924-இல் ஸர்தார் பட்டேல் ஆமதாபாத் முனிசிபாலிடியிலும் தலைமை ஏற்றார்கள். சுயராஜ்யத்துக்குப் பயிற்சிக்கூடமாக இருந்த ஸ்தாபனங்கள், யதேச்சாதிகாரத்தின் பயிற்சிக்கூடமாக மாறலாமா? நாற்காலியில் அமர்ந்திருப்பவர் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவராயினும் தனி அதிகாரியாயினும், கேள்வி இதுவே.

ஒவ்வொரு மறுப்பிலும் விதியின் எண், மறுப்பின் காரணம், எந்தத் திருத்தம் செய்தால் அனுமதி கிடைக்கும் என்ற விவரம், அப்பீல் செய்யவேண்டிய இடம், அதற்குரிய கெடு ஆகிய ஐந்தும் தமிழில் இருக்கவேண்டும் என்று சர்க்கார் கண்டிப்பாக உத்தரவிட வேண்டும். அதுவரை தேசத் தொண்டர்கள் சும்மாயிருக்க வேண்டியதில்லை. தத்தம் ஊரில் மறுப்புப் பெற்ற ஏழைக்கு, கெடு கடப்பதற்குள் ஓர் அப்பீல் மனு எழுதிக்கொடுக்கட்டும். மேடைப் பிரசங்கங்கள் பத்தைவிட அந்த ஒரு மனு பெரிய தொண்டு.